வீட்டுக் குழாய் வேலையை நீங்களே செய்ய: சுவருக்குள் இருக்கும் பைப்பைக் காப்பாற்றும் முழுமையான வழிகாட்டி

ஒழுகும் குழாயை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. புதுக் குழாய், டெஃப்லான் டேப், ஒரு ஸ்பேனர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். ஆனால் அந்தக் குழாய் மாட்டியிருக்கும் எல்போ, அதாவது பைப் வளைந்து வாய் காட்டும் இணைப்பு, சுவருக்குள் இருக்கிறது. அது விரிசல் விட்டால் டைல்ஸை உடைக்க வேண்டும், பைப்பை வெட்டி ஒட்ட வேண்டும், கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூச வேண்டும், அதே நிற டைல்ஸ் இன்னும் விற்கிறார்களா என்று கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். வீட்டில் நடக்கும் பெரிய குழாய் விபத்துகளில் பலவற்றில் முதலில் கெட்டது ஒரு சின்ன வாஷராகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்யப் போன கையின் பலம்தான் சுவருக்குள் நன்றாக இருந்த பைப்பையும் உடைத்திருக்கும். அதனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது நான் கொடுக்கும் பலம் எங்கே போய்ச் சேர்கிறது?

முதலில் மாடிக்குப் போங்கள்

தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர் சம்ப்பிலிருந்தோ போரிலிருந்தோ மோட்டார் வழியாக மாடி டேங்குக்கு ஏறுகிறது. அங்கிருந்து தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. டேங்கின் அடிப்பக்கத்திலிருந்து ஒன்றோ இரண்டோ மூன்றோ லைன் புறப்படும். ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு இருக்க வேண்டும். எந்த லைன் சமையலறைக்கு, எது பாத்ரூமுக்கு என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் எந்தக் குழாயையும் கழற்றாதீர்கள். ஒரு வால்வை மூடுங்கள், கீழே போய் எந்தெந்தக் குழாய் நின்றது என்று பாருங்கள், பெயின்டால் பைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடிந்துவிடும் இந்த வேலைதான், என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியிலேயே முக்கியமானது.

வால்வு இரண்டு வகை. வட்டப் பிடி வைத்து, பல சுற்றுச் சுற்றினால்தான் மூடுவது கேட் வால்வு. நீளமான கைப்பிடி வைத்துக் கால் சுற்றில் மூடுவது பால் வால்வு. அதன் கைப்பிடி பைப்போடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பழைய வீடுகளில் பித்தளை கேட் வால்வுதான் அதிகம். வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் உப்பு படிந்து இறுகிப்போயிருக்கும். அதை ரென்ச் போட்டு முறுக்கினால் உள்ளிருக்கும் தண்டு ஒடியும், அல்லது டேங்கோடு சேரும் இணைப்பே ஆடிப்போகும். கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் அரைச் சுற்று அந்தப் பக்கம், அரைச் சுற்று இந்தப் பக்கம் என்று ஆட்டி ஆட்டித்தான் விடுவிக்க வேண்டும். விடுபட்ட பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். அப்போதுதான் அவசரத்துக்கு உதவும்.

வால்வு முழுதாக மூடவே இல்லை என்றால், டேங்குக்குள் இருக்கும் வெளியேறும் துளையை அடைக்கும் ஒரு வழி இருக்கிறது. துளையைவிடப் பெரிய துணி உருண்டை ஒன்றைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் வைத்துக் கட்டி, நீளமான கயிற்றால் டேங்க் மூடியோடு பிணைத்து, கம்பால் துளைமேல் தள்ளுங்கள். தண்ணீரின் இழுப்பே அதை அங்கே பிடித்து வைக்கும். உருண்டை துளையைவிடச் சிறியதாக இருந்தால் பைப்புக்குள் போய்விடும், அது வேறு தலைவலி. வேலை முடிந்ததும் எடுக்க மறக்கக் கூடாது. கயிறு அதற்காகத்தான்.

வேலை நடக்கும்போது மோட்டார் சுவிட்சையும் அணைத்து வையுங்கள். தானியங்கி கன்ட்ரோலர் இருக்கும் வீடுகளில் இது கட்டாயம்.

உங்கள் வீட்டில் அழுத்தம் எவ்வளவு?

இதைத் தெரிந்துகொண்டால் பல தவறுகள் தானாகவே குறையும். 10 மீட்டர் உயர நீருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில், டேங்கின் நீர்மட்டம் கீழ்க்குழாயிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.35 கிலோதான். இவ்வளவு குறைந்த அழுத்தத்தைத் தடுக்க உடல் பலத்தையெல்லாம் போட்டு இறுக்க வேண்டிய அவசியமே இல்லை. அரை இஞ்சு மரையில் ஒழுங்காகச் சுற்றிய டேப் போதும். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும் உயர அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களிலும் அழுத்தம் இதைப்போல் பல மடங்கு இருக்கும். அங்கே கசிவைத் தடுப்பது டேப்பும் நல்ல மரையும்தான், முரட்டு இறுக்கம் அல்ல.

குழாய் மாற்றுவது, படிப்படியாக

கருவிகள் அதிகம் வேண்டாம். ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று, பைப் ரென்ச் ஒன்று, டெஃப்லான் டேப் இரண்டு சுருள், பழைய டூத் பிரஷ், அரை இஞ்சு எண்ட் ப்ளக் இரண்டு. எண்ட் ப்ளக்கைப் பலர் வாங்குவதில்லை. மிகவும் மலிவான பொருள், ஆனால் நடுவில் ஏதாவது சிக்கி வேலை நின்றுபோனால், அந்த வாயை அடைத்துவிட்டு மற்ற குழாய்களுக்குத் தண்ணீர் விட அது ஒன்றுதான் வழி. கடை மூடும் நேரத்தில் வேலையைத் தொடங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

1. வால்வை மூடி, மாற்றப் போகும் குழாயைத் திறந்து தண்ணீர் முழுதும் வடியட்டும். அதே லைனில் இருப்பதிலேயே தாழ்வான குழாயையும் திறந்து வையுங்கள். தரையில் இருக்கும் வடிகால் துளையையும் வாஷ்பேசின் துளையையும் துணியால் மூடுங்கள். சின்னத் திருகுகளும் வாஷர்களும் எப்போதும் அங்கேதான் போய் விழும்.

2. பழைய குழாயை இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்புங்கள். ஒரு கை ஸ்பேனரில், இன்னொரு கை குழாயின் அடியில் சுவரை ஒட்டி இருக்கட்டும். இழுக்கவோ மேலே கீழே நெம்பவோ கூடாது, சுழற்சி மட்டும். வரவில்லை என்றால் மரை சேருமிடத்தில் ஊடுருவும் எண்ணெய் அடித்துச் சற்று நேரம் விடுங்கள். குழாயின் உடலில் ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் படிந்த உப்பு நொறுங்கும். பிறகு முதலில் கொஞ்சம் வலப்பக்கம், அப்புறம் இடப்பக்கம் என்று மெதுவாக முயலுங்கள். சுவருக்குள் பிளாஸ்டிக் எல்போ இருக்கும் வீட்டில் நெருப்பு காட்டிச் சூடாக்கவே கூடாது. நெம்புகோல் போல நீண்ட பைப்பை ஸ்பேனரில் செருகி மிதிப்பதும் வேண்டாம். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு பிளம்பரைக் கூப்பிடுவதே லாபம்.

3. குழாய் ஒடிந்து, மரைத்துண்டு சுவருக்குள்ளேயே தங்கிவிடுவதுண்டு. பதற வேண்டாம். இப்படி ஒடிந்த துண்டை எடுப்பதற்கென்றே எக்ஸ்ட்ராக்டர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. கூம்பு வடிவில் இருக்கும் அதை துளைக்குள் லேசாகத் தட்டி இறக்கி இடப்பக்கம் திருப்பினால், பிடித்துக்கொண்டு துண்டோடு வெளியே வரும். பலமாகத் தட்டினால் துண்டு விரிந்து எல்போவைப் பிளந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். உளியால் கொத்தி எடுக்கும் பழக்கம் எனக்குச் சம்மதமில்லை. அதில் எல்போவின் மரை பிழைப்பது அரிது.

4. எல்போவின் உள்மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப், சணல் நூல் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பிறகு வாளியை அடியில் பிடித்துக்கொண்டு, வேறொருவரை மாடியில் வால்வைச் சில விநாடிகள் மட்டும் திறந்து மூடச் சொல்லுங்கள். வால்வை ஆட்டியதில் உதிர்ந்த உப்பும் துருவும் மணலும் அதோடு வெளியேறும். இதைச் செய்யாமல் புதுக் குழாயை மாட்டினால், முதல் நாளே அதன் உள்ளிருக்கும் செராமிக் தகட்டில் மணல் கீறி, புதுசே ஒழுக ஆரம்பிக்கும்.

5. டேப் சுற்றாமல் புதுக் குழாயைக் கையால் மாட்டிப் பாருங்கள். மரை நேராகப் பிடிக்கிறதா, எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரிந்துவிடும். டைல்ஸின் தடிமனால் எல்போ உள்ளே அமுங்கியிருந்தால் குழாய் எட்டாது. அதற்கு நீளத்தைக் கூட்டும் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் வாங்கிச் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று மரையில் மட்டும் பிடித்து நிற்கும் குழாய் ஒருநாள் கையோடு வரும்.

6. குழாயின் மரை உங்களைப் பார்த்தபடி இருக்க, டேப்பைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் மாட்டும்போதே டேப் பிரிந்து சுருண்டு வந்துவிடும். இழுத்துப் பிடித்து, மரையின் வடிவம் மேலே தெரியும்படி சுற்ற வேண்டும். கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் பத்துச் சுற்று வரை தேவைப்படும். பிளாஸ்டிக் எல்போவாக இருந்தால் அளவுக்கு மீறித் தடிமனாகச் சுற்றாதீர்கள். தடித்த டேப்பை உள்ளே தள்ளும் பலம் எல்போவை உள்ளிருந்து விரிக்கும்.

7. கையால் முடிந்தவரை மாட்டுங்கள். அதற்குப் பிறகு, பளபளப்பு கெடாமல் துணி சுற்றி, ஸ்பேனரால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று. வாய் கீழ்நோக்கி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள். அப்படிச் செய்தால் டேப்பின் பிடி விட்டு அங்கே நிச்சயம் கசியும். முழுக்கக் கழற்றி, பழைய டேப்பை எடுத்துவிட்டு, இரண்டு சுற்று கூடச் சுற்றி மறுபடி மாட்டுங்கள்.

8. மாடி வால்வை மெதுவாகத் திறங்கள். குழாயின் அடியைச் சுற்றி உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் காகிதத்தில் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை ஒற்றிப் பாருங்கள்.

சொட்டும் குழாய்

மாற்றாமலே சரிசெய்யக்கூடியவை இவை. பல சுற்றுத் திருகும் பழைய வகைக் குழாயில் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். தலையைக் கழற்றி வாஷரை மட்டும் மாற்றினால் போதும். அதற்கும் வால்வை மூட வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. அரைச் சுற்றுக் குழாய்களில் வாஷருக்குப் பதில் ஸ்பிண்டில் இருக்கும், அதற்குள் இரண்டு செராமிக் தகடுகள். அதை முழுதாக மாற்ற வேண்டும். பழைய ஸ்பிண்டிலைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். நீளமும் பிடியின் பல் அமைப்பும் ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும்.

சொட்டு நிற்க வேண்டும் என்று பிடியை இறுக்கி இறுக்கி மூடுவது செராமிக் குழாய்க்குப் பயன் தராது. அந்தப் பலம் சுவர் எல்போவுக்குத்தான் போகிறது. தண்ணீர் சிதறியோ மெலிந்தோ வந்தால், வாயில் இருக்கும் வலையைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊற வையுங்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில் இதைப் பழக்கமாகவே செய்ய வேண்டியிருக்கும்.

ஃப்ளஷ் டேங்க் ஓயாமல் ஓடினால்

டாய்லெட் கோப்பையில் மெல்லிய கோடாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சத்தம் வராது, அதனால் யாரும் கவனிப்பதில்லை, மாடி டேங்க் மட்டும் சீக்கிரம் காலியாகும். காரணம் இரண்டில் ஒன்று. டேங்கை நிரப்பும் ஃப்ளோட் வால்வு நிற்காமல், மிஞ்சும் நீர் உள்ளிருக்கும் வழிகுழாய் வழியாகப் போகலாம். இல்லையென்றால் அடியிலிருக்கும் ரப்பர் சீல் சரியாக உட்காராமல் இருக்கலாம். ஃப்ளஷ் டேங்கில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்து, யாரும் பயன்படுத்தாமல் கால் மணி நேரம் விடுங்கள். கோப்பையில் நிறம் வந்தால் கசிவு உறுதி. பிறகு நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் விடும் சுவர் வால்வான ஆங்கிள் காக்கை மூடிவிட்டுக் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் அடி சீல் கெட்டிருக்கிறது, இறங்காவிட்டால் ஃப்ளோட் வால்வைப் பாருங்கள். அடி சீலைக் கழற்றி, அது உட்காரும் விளிம்பில் படிந்த உப்பை விரலால் துடைத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். ஃப்ளஷ் டேங்கின் அடி நட்டுகளும் பிளாஸ்டிக்தான், அவற்றைக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

அதே இடத்தில் இருக்கும், கழுவ உதவும் கை ஷவரான ஹெல்த் ஃபாசெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் கைப்பிடியை விட்டால் தண்ணீர் நிற்கும், ஆனால் வளையும் குழல் முழுக்க அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். குழல் வெடித்தால் டேங்க் காலியாகும்வரை ஓடும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும் வீடுகளில் இப்படி நடந்து, கீழ்வீட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிய பிறகே தெரியவருவதுண்டு. தினமும் பயன்படுத்திய பின் ஆங்கிள் காக்கை மூடுங்கள். ஊருக்குப் போகும்போது மாடி வால்வையே மூடிவிட்டுப் போங்கள். வாஷ்பேசினுக்கும் கீஸருக்கும் போகும் கனெக்‌ஷன் குழல்களுக்கும் இது பொருந்தும்.

பைப்பை வெட்டி ஒட்டுவது

சுவருக்கு வெளியே ஓடும் பைப் மட்டும்தான் இதற்கு. வெள்ளை நிற யுபிவிசி பிளாஸ்டிக் பைப் குளிர்ந்த நீருக்கு, வெளிர் மஞ்சள் நிற சிபிவிசி வெந்நீருக்கும் சேர்த்து. இரண்டையும் ‘அரை இஞ்சு’ என்றே விற்றாலும் ஒன்றுக்குள் ஒன்று சேராது. வீடுகளில் போடும் அரை இஞ்சு சிபிவிசியின் வெளிவிட்டம் ஏறத்தாழ 15.9 மில்லிமீட்டர், யுபிவிசியின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர். ஒட்டும் பசையான சொல்யூஷனும் வேறு வேறு. எந்தப் பைப்போ அந்தப் பைப்புக்கான டப்பாவையே வாங்குங்கள்.

நேராக வெட்டி, விளிம்பில் நிற்கும் பிசிரைக் கத்தியால் சீவி, ஈரமில்லாமல் துடையுங்கள். வால்வு கொஞ்சம் கசிந்தாலும் பைப் நனைந்துகொண்டே இருக்கும். ஈரத்தில் ஒட்டியது நிற்காது. முதலில் ஒட்டாமல் செருகிப் பாருங்கள், சாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குள் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். பிறகு சாக்கெட்டுக்குள் மெல்லிய பூச்சு, பைப்பின் மேல் சற்றுத் தாராளமான பூச்சு. உடனே கால் சுற்றுத் திருப்பியபடி அடிவரை தள்ளி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். விட்டால் பைப் கொஞ்சம் பின்னால் நழுவும், அதனால்தான் பிடிக்கச் சொல்கிறேன். ஒரு நாள் முழுதும் தண்ணீர் விடாமல் இருந்தால் நல்லது. சொல்யூஷன் சீக்கிரம் தீப்பிடிக்கும், நெடியும் கடுமை, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் சேர்க்கும் இடத்தில் உள்ளே பித்தளை மரை பதித்த ஃபிட்டிங்கையே கேட்டு வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் உள்மரைக்குள் பித்தளைக் குழாயைத் திருகினால் இன்றோ நாளையோ அது பிளக்கும்.

பைப் வெடித்து இப்போதே தண்ணீர் பீய்ச்சுகிறது என்றால் வரிசை இதுதான்: அருகில் சுவிட்ச் போர்டு நனைந்தால் தண்ணீரில் கால் வைக்காமல் போய் மெயினை அணையுங்கள், மோட்டாரை நிறுத்துங்கள், வால்வை மூடுங்கள். விரிசலின் மேல் சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றி, இரண்டு முனையிலும் கம்பியாலோ கிளாம்பாலோ கட்டினால் கடை திறக்கும்வரை தாங்கும்.

டேங்க் நிரம்பியிருக்கிறது, குழாயில் வரவில்லை

டேங்கைக் கழுவிய மறுநாள் பல வீடுகளில் வரும் புகார் இது. டேங்க் காலியாகும்போது பைப்புக்குள் காற்று புகுந்துவிடுகிறது. மறுபடி நிரப்பும்போது, பைப் மேலேறி இறங்கும் வளைவில் அந்தக் காற்று மாட்டிக்கொள்கிறது. அதைத் தள்ளும் அளவுக்கு அழுத்தம் இல்லாததால் தண்ணீர் நின்றுவிடுகிறது. எல்லாக் குழாய்களையும், தாழ்வானதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து வையுங்கள். பெரும்பாலும் இருமி இருமிக் காற்று வெளியேறும். வரவில்லை என்றால், நன்றாகத் தண்ணீர் வரும் வேறு லைன் குழாய்க்கும் வராத குழாய்க்கும் நடுவே சுத்தமான ஹோஸை இறுக மாட்டி, இரண்டையும் திறந்து கீழிருந்து மேலே தண்ணீரைத் தள்ளுங்கள். டேங்கில் குமிழி வந்தால் காற்று போய்விட்டது என்று பொருள். இது அடிக்கடி நடந்தால், டேங்கை விட்டுப் புறப்படும் இடத்தில் வால்வைத் தாண்டி ஏர் பைப் இருக்கிறதா, அதன் வாய் டேங்கின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வீட்டில் ஒன்று வைத்துவிட்டால் தொல்லை தீரும்.

அடைப்பு

வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப்பின் அடிமூடியைக் கையால் கழற்றலாம். கீழே வாளி வைத்துவிட்டுக் கழற்றுங்கள், முடியும் சோப்பும் சேர்ந்த உருண்டை வெளியே வரும். சமையலறை சிங்க் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு. சூடான தண்ணீர் ஊற்றலாம், கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், அடியிலிருக்கும் பிளாஸ்டிக் பைப் இளகும். ரப்பர் பிளஞ்சர் பயன்படுத்தும்போது வாஷ்பேசினின் மேல் துளையை ஈரத்துணியால் அழுத்தி மூடினால்தான் அழுத்தம் அடைப்பைத் தொடும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் வெளியில் கழிவுநீர் சேரும் சேம்பரின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால், காய்ந்திருந்தால் வீட்டுப் பக்கம். இது தெரிந்தால் அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் கம்பியை எங்கே விடுவது என்ற குழப்பம் இல்லை.

ஆசிட் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முக்கியமாக, ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. காஸ்டிக் வகைத் தூளைப் போட்ட பிறகு பிளஞ்சரால் குத்தினால் அந்தத் திரவம் கண்ணில் தெறிக்கும். பிறகு யாராவது ட்ராப்பைக் கழற்ற வந்தால், உள்ளே என்ன ஊற்றினீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செப்டிக் டேங்குக்குள்ளும் சாக்கடைக் குழிக்குள்ளும் நீங்கள் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சில மூச்சுகளில் ஆளைச் சாய்த்துவிடும். மேலே நிற்பவர் காப்பாற்ற இறங்கி அவரும் சாகிறார். பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதர்களை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. லாரி வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும், செலவு எவ்வளவானாலும்.

கீஸர்

கீஸரைத் தொடும் எந்த வேலைக்கும் சுவிட்சை மட்டும் அல்ல, அந்த லைனின் மின்சாரத்தையே துண்டிக்கும் போர்டு சுவிட்சான எம்சிபியையே இறக்குங்கள். வேலை முடிந்த பின், வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். டேங்க் காலியான நிலையில் ஓடினால் உள்ளிருக்கும் சூடேற்றும் காயில் கருகும். கீஸரின் சேஃப்டி வால்விலிருந்து சூடாகும் நேரத்தில் சில சொட்டுகள் வந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. ஒழுகுகிறதே என்று அதை அடைத்துவிட்டால் உள்ளே ஏறும் அழுத்தத்துக்குப் போக்கிடம் இல்லை. ஓயாமல் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுங்கள். கீஸருக்குள் கை வைக்கும் பழுதுகளை நீங்களே செய்ய நான் சொல்ல மாட்டேன்.

சுவரை மூடும் முன்

சுவரில் ஈரத்திட்டு படர்ந்தால் அது எந்த லைன் என்று கண்டுபிடிக்க, இரவில் ஒவ்வொரு வால்வாக மூடி, மற்றதைத் திறந்து வைத்து, எந்த லைன் மூடியபோது ஈரம் காய்கிறது என்று பாருங்கள். சில நாட்கள் ஆகும். ஆனாலும் ஊகத்தில் டைல்ஸ் உடைப்பதைவிட மலிவு. சுவருக்குள் பைப்பை மாற்றும் வேலையை அனுபவமுள்ள பிளம்பரிடமே விடுங்கள். ஆனால் இரண்டு விஷயங்களை நீங்கள் விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள். ஒன்று, பூசும் முன் எல்லா வாய்களையும் எண்ட் ப்ளக்கால் அடைத்து, கை பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று உங்கள் கண்ணெதிரே காட்ட வேண்டும். ‘ஒழுகாது சார், நம்புங்க’ என்பது சோதனை ஆகாது. இரண்டு, டைல்ஸ் ஒட்டும் முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி அளவு டேப்பைச் சுவரில் பிடித்தபடி எடுங்கள். பிற்பாடு கண்ணாடியோ டவல் கம்பியோ மாட்ட டிரில் போடும்போது அந்தப் போட்டோவைத் திறந்து பார்த்துவிட்டுத் துளையிடுங்கள். போட்டோ இல்லாத வீட்டில், குழாய்க்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் இறங்குகிறது.